‘விட்’ நாடகத்தைத் தமிழில் மேடையேற்ற: உரிமம் முதல் கடைசி இருட்டு வரை

மார்கரெட் எட்சன் ஆங்கிலத்தில் எழுதிய ‘விட்’ (Wit) ஒரே ஒரு நடிகையின் தோளில் நிற்கும் நாடகம். விவியன் பேரிங், வயது 50. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஜான் டன் எழுதிய பக்திச் சானெட்டுகளில் (பதினான்கு வரிக் கவிதைகளில்) கரைகண்ட ஆங்கிலப் பேராசிரியை. நான்காம் கட்டச் சூலகப் புற்றுநோய் வந்து, ஆராய்ச்சி மருத்துவமனையில் எட்டுச் சுற்றுக் கீமோவை முழு அளவில் வாங்கிக்கொள்கிறார். கறாரான புலமைதான் உயர்ந்தது, பரிவெல்லாம் அதற்கு அப்புறம் என்று வாழ்ந்தவருக்கு, கறாரான ஆராய்ச்சியின் கையில் தானே ஒரு பாடப்பொருளாக மாட்டும்போது அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. 1995ல் கலிஃபோர்னியாவின் கோஸ்டா மேசாவில் முதல் மேடை, 1999ல் புலிட்சர் பரிசு. இடைவேளை கிடையாது, ஏறக்குறைய ஒரு மணி நாற்பது நிமிடம்.

பார்வைக்கு எளிய நாடகம். ஒரு கட்டில், ஒரு சக்கர நாற்காலி, ஒரு டிரிப்ஸ் ஸ்டாண்ட், ஒன்பது பேர். கல்லூரிக் குழுக்கள் ஆசைப்படுவது அதனால்தான், சறுக்குவதும் அதனால்தான். மனமாற்றத்தை விவியன் எங்கும் மேடையில் நின்று அறிவிப்பதில்லை. அது மொழியிலும் உடம்பிலும் ஒளியிலும் சிறுகச் சிறுக ஏறவேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஏற்றத்துக்கான வேலைகள்தான்.

முதலில் உரிமம்

ஹாலுக்கு அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் இதை முடியுங்கள். இந்தப் பிரதியின் மேடை உரிமத்தைக் கவனிப்பது அமெரிக்காவின் டிராமட்டிஸ்ட்ஸ் பிளே சர்வீஸ். தமிழில் போடுவதானால் நடத்துவதற்கு ஒன்று, மொழிபெயர்ப்பதற்கு ஒன்று என்று இரண்டு அனுமதிகள் வேண்டும். கடிதத்தில் அரங்கு, இருக்கை எண்ணிக்கை, காட்சி நாட்கள், டிக்கெட் விலை, மொழிபெயர்ப்பவர் பெயர் எல்லாம் இருக்கட்டும். டிக்கெட் இல்லாத காட்சிக்கும் உரிமம் தேவை. முக்கியமாக, கடைசிக் காட்சியில் நீங்கள் செய்ய நினைக்கும் மாற்றத்தை இந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். (அந்தக் காட்சியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.) பிரதியில் கைவைத்துவிட்டு அப்புறம் அனுமதி கேட்பது நடக்காத காரியம்.

பிரதியில் எங்கெங்கே அடி விழுகிறது

முதல் வாசிப்பில் நடிகையும் இயக்குநரும் பென்சிலோடு உட்கார்ந்து, நம்பிக்கை உரசப்படும் இடங்களை மட்டும் குறியுங்கள். இருபது இடம் குறித்தீர்கள் என்றால் தப்பு. இவை போதும்.

ஒன்று, 22 வயது விவியனிடம் அவருடைய ஆசிரியை ஈ. எம். ஆஷ்ஃபோர்ட் கட்டுரையைத் திருப்பிக் கொடுக்கும் காட்சி. கமாவைப் பற்றிய பாடம் முடிந்ததும், “நூலகத்துக்குப் போகாதே, வெளியே போய்த் தோழிகளோடு இரு” என்ற பொருளில் ஆஷ்ஃபோர்ட் சொல்கிறார். விவியன் வெளியே போகிறார், வெயிலையும் புல்தரையையும் மாணவர்களையும் பார்க்கிறார், நூலகத்துக்கே திரும்பிவிடுகிறார். விதை இங்கே. ஆஷ்ஃபோர்டைக் கறார் கிழவியாக மட்டும் நடிக்க வைத்தால் இந்த விதை விழாது. அந்தக் கறாருக்குள்ளேயே பரிவு இருந்ததைத்தான் விவியன் கவனிக்கத் தவறினார்.

இரண்டு, பாட்டி இறந்ததால் கட்டுரைக்கு அவகாசம் கேட்கும் மாணவிக்கு விவியன் மறுப்பது. இதைக் கொடூரமாகச் சொல்லக்கூடாது. சாதாரணமாக, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சொல்லவேண்டும். கொடூரம் தானாகத் தெரியும்.

மூன்று, ஜேசன் போஸ்னர். விவியனிடம் படித்த மாணவன், இப்போது அவரையே ஆராயும் இளம் டாக்டர். நோயாளியிடம் பழகக் கற்றுத்தரும் வகுப்பு ஆராய்ச்சியாளனுக்கு வீண் என்பது அவன் கட்சி. விவியன் அவனில் தன்னைப் பார்க்கிறார். ஜேசனை வில்லனாக்கினால் இந்தக் கண்ணாடி உடைந்துவிடும். அவன் செல்களைப் பற்றிப் பேசும்போது அவன் கண் மின்னவேண்டும், விவியன் டன்னைப் பற்றிப் பேசும்போது மின்னுவதைப் போலவே. இரண்டு காட்சிகளையும் ஒரே ஒத்திகையில் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், கை அசைவுகள்கூட ஒத்துப்போகட்டும்.

நான்கு, வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் சூசி வந்து பரிசோதனைக்கு அழைப்பது. நினைவுக் காட்சிக்குள் மருத்துவமனை நுழைந்து அதைப் பறித்துக்கொண்டு போகிறது. மேடையின் அதிகாரம் விவியனிடமிருந்து நழுவும் இடம் இது.

ஐந்து, நள்ளிரவில் தூக்கம் வராமல், நர்ஸை வரவழைக்க விவியன் வேண்டுமென்றே டிரிப்ஸ் ட்யூபை மடக்கிப் பிடிப்பதும், அதைத் தொடர்ந்து வரும் குச்சி ஐஸும். ஆறு, சாகும் தறுவாயில் பார்க்க வந்த ஆஷ்ஃபோர்ட் “டன் வாசிக்கட்டுமா?” என்று கேட்க, விவியன் வேண்டாம் என்று முனகுவது. வாழ்நாள் முழுக்கக் கட்டிக் காத்த ஒன்றை ஒரே ஓசையில் கைவிடுகிறார். அதற்குப் பதில் ஆஷ்ஃபோர்ட் வாசிப்பது கொள்ளுப்பேரனுக்காக வாங்கிய முயல்குட்டிக் கதை. நாடகத்தின் உச்சம் இந்த முனகல்தான் என்பது என் கணக்கு. இதற்கு முன்பே அழுது தீர்த்துவிட்ட நடிகைக்கு இங்கே கையில் ஒன்றும் இருக்காது.

மொழிபெயர்ப்பு: எழுத்து வழக்கிலிருந்து பேச்சு வழக்குக்கு

ஆங்கிலப் பிரதிக்கு இல்லாத ஒரு வசதி தமிழுக்கு இருக்கிறது. நம்மிடம் இரண்டு தமிழ் உண்டு. பேராசிரியை எழுத்து வழக்கிலேயே பேசி வாழ்ந்தவர், வலி ஏற ஏற அது கழன்று விழுகிறது. இதை மட்டும் சரியாகச் செய்தால் பாதி நடிப்பு பிரதியிலேயே இருக்கும்.

ஆனால் சரிவு சீராக இருக்கக்கூடாது. ஒவ்வொரு காட்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் பார்வையாளருக்கு எதுவும் காதில் விழாது, மொழிபெயர்ப்பாளருக்கு நடை கைவரவில்லை என்றுதான் நினைப்பார்கள். முதல் ஒரு மணி நேரம் விவியன் வினைமுற்றைக்கூட விழுங்கக்கூடாது: “வலிக்கிறது”, “இருக்கிறது”, “வருகிறார்கள்”. மற்றவர்கள் பேச்சு வழக்கு. ஜேசனும் தலைமை டாக்டர் கெலேக்கியனும் நம் ஊர் டாக்டர்களைப் போலவே பாதி ஆங்கிலத்தில்: “ஸ்டேஜ் ஃபோர்”, “கவுண்ட்ஸ்”, “ஃபுல் டோஸ்”. ‘குருதி வெள்ளணுக் குறைவு’ என்று ஒரு டாக்டரும் பேசமாட்டார். எழுதினால் ஜேசன் வாயில் அது விவியனின் மொழியாகிவிடும், இருவருக்கும் வித்தியாசம் போய்விடும்.

உடைப்பு ட்யூபை மடக்கும் இரவில் வரட்டும். அதுவரை “அச்சம் கொள்கிறேன்” என்று பேசியவர் சூசியிடம் “பயமா இருக்கு” என்றால், அரங்கு அந்த ‘ா’வைக் கேட்கும். அதற்கு முன்னால் ஒரே ஒரு விதிவிலக்கு: ஐந்தாவது பிறந்தநாளன்று அப்பாவிடம் படித்துக் காட்டும் காட்சி. குழந்தை விவியன் பேச்சுத் தமிழ்தான் பேசுவாள். கடைசியில் அவர் போய்ச் சேர்வது அந்தத் தமிழுக்கே.

இந்தக் காட்சியில் ஒரு சொல் வருகிறது, கவனம் தேவை. முயல்குட்டிகள் கீரையைத் தின்று தூங்கிப்போன கதையில் ‘தூக்கம் வரவழைக்கிற’ என்ற பொருளில் குழந்தைக்குப் புரியாத ஒரு கடினமான சொல், அப்பா விளக்குகிறார், சொற்களின் மேல் விவியனுக்குக் காதல் பிறப்பது அங்கே. சாகும் தறுவாயில் மார்ஃபின் ஏற்றும்போது அதே சொல்லால் சூசியிடம் கேட்கிறார். சூசிக்கு அந்தச் சொல் தெரியாது, “அதெல்லாம் தெரியலை, ஆனா நல்லா தூக்கம் வரும்” என்கிற மாதிரி பதில் சொல்ல, இருவரும் சிரிக்கிறார்கள். ஆகவே இரண்டு இடத்திலும் ஒரே சொல் வரவேண்டும், அது நர்ஸுக்குத் தெரியாததாகவும் பேராசிரியைக்குத் தெரிந்ததாகவும் இருக்கவேண்டும். ‘தூக்க மருந்து’ போட்டால் நகைச்சுவை செத்தது. ‘துயில்’ பாட்டுகளில் கேட்டுப் பழகிய சொல். ‘நித்திரை’ தமிழ்நாட்டில் ஓரளவு ஓடும், யாழ்ப்பாணத்திலோ டொராண்டோவிலோ போட்டால் அது அடுப்படிச் சொல். ‘அனந்தல்’ என்ற பழந்தமிழ்ச் சொல் பொருந்தும்: உறக்கம், உறக்கக் கலக்கம். “அனந்தலூட்டுமா?” என்று கேட்டால் எந்த ஊர் நர்ஸும் விழிப்பார்.

விளிப்புகள். ஜேசன் “புரொஃபசர் பேரிங்”, நீங்கள். ஆஷ்ஃபோர்ட் “விவியன்”, நீ. சூசி முதலில் “மிஸ் பேரிங்”. பிறகு செல்லமாக ஒரு சொல் சொல்கிறாள், தன் வாழ்க்கை இவ்வளவு மலிவான உருக்கமாகிவிட்டதே என்று விவியன் அரங்கிடம் அலுத்துக்கொள்கிறார். அங்கே “அம்மா” போடாதீர்கள், தமிழில் கடைக்காரரும் எல்லோரையும் அம்மா என்பார், அலுத்துக்கொள்ள அதில் எதுவுமில்லை. “தங்கம்” சரி. கொஞ்சம் பிசுபிசுக்கிறது, அதுதான் வேண்டும்.

கமாவா, அரைப்புள்ளியா

ஆஷ்ஃபோர்ட் காட்சியின் சண்டை ஒரு பாடபேதத்தைப் பற்றியது. மரணத்தைப் பார்த்து “செருக்குறாதே” என்று தொடங்கும் டன்னின் சானெட்டில் கடைசி வரி: மரணம் இனி இராது, மரணமே நீ மாள்வாய். ஒரு பதிப்பில் நடுவே அரைப்புள்ளி, கடைசியில் ஆச்சரியக்குறி. டன் கவிதைகளைப் பதிப்பித்த அறிஞர் ஹெலன் கார்ட்னரின் பதிப்பிலோ வெறும் கமா. உயிருக்கும் நிலைபேற்றுக்கும் நடுவில் ஒரு மூச்சுதான் இருக்கிறது, கோட்டைச் சுவர் இல்லை என்பது ஆஷ்ஃபோர்டின் வாதம்.

நடுவரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது காதால் புரியவேண்டும். வழி இதுதான். அரைப்புள்ளி வாசிப்பில் “இராது” முடிந்ததும் குரல் கீழே விழுந்து நிற்கட்டும், மனசுக்குள் இரண்டு எண்ணுங்கள், அப்புறம் “மரணமே” உரத்து. கமா வாசிப்பில் “இராது” மேல் குரல் விழவே கூடாது. ஒரு மூச்சு, அதே சுருதியில் “மரணமே நீ மாள்வாய்”. ஆஷ்ஃபோர்ட் நடிகை இந்த இரண்டையும் ஒருநாளைக்குப் பத்து தடவை, வாரம் முழுக்கச் சொல்லிப் பழகட்டும். கை காட்டி விளக்கத் தொடங்கினால் குரலில் வித்தியாசம் வரவில்லை என்று அர்த்தம்.

ஆங்கிலத்தில் ‘மரணம்’ பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பதும் சண்டையில் ஒரு பங்கு. தமிழில் பெரிய எழுத்தே கிடையாது. “கேப்பிட்டல் டி” என்று அப்படியே சொல்லிவிடலாம், கதை நடப்பது அமெரிக்காவில், கவிதை ஆங்கிலக் கவிதை, யாரும் குழம்பமாட்டார்கள். டன்னை எடுத்துவிட்டு நம் சித்தர் பாடலையோ பிரபந்தத்தையோ வைக்கும் ஆசை ஒவ்வொரு குழுவிலும் யாருக்காவது வரும். வேண்டாம். உரிமம் இடம் கொடுக்காது. நம் ஏட்டுச் சுவடிகளில் கமாவோ அரைப்புள்ளியோ இல்லை என்பதால் சண்டைக்கே அடிப்படை இராது. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் வைக்காமல் எழுதிய மரபு நம்முடையது. ஒரு புள்ளியில் பொருள் புரளும் என்பதை இந்த அரங்குக்குத் தனியாக நிரூபிக்கவேண்டியதில்லை, அது போதும்.

ஆங்கிலத் தலைப்பை நடு எழுத்துக்குப் பதில் அரைப்புள்ளி போட்டு அச்சடிப்பதுண்டு. போஸ்டரில் “வி;ட்” என்று முயன்றால் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். விட்டுவிடுங்கள்.

ஆட்களும் நாட்களும்

ஒன்பது பேர் போதும். கெலேக்கியனும் விவியனின் அப்பாவும் ஒரே நடிகர் என்று பிரதியே சொல்கிறது. ஆள் கிடைக்கிறார் என்று பிரித்துவிடாதீர்கள், நோயைச் சொல்பவரும் முதல் சொல்லைச் சொல்லித்தந்தவரும் ஒரே முகம் என்பதில் வேலை இருக்கிறது. நான்கு பேர் டெக்னீஷியன், மாணவர், பயிற்சி டாக்டர், அவசரக் குழு என்று மாறி மாறி வருவார்கள். மேசை, கட்டில், நாற்காலியை உருட்டிக்கொண்டு வருவதும் இவர்களே.

எட்டு வாரம், வாரம் நான்கு மாலை, மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விவியன் மேடையை விட்டு நகர்வதே இல்லை, வசனத்தில் பெரும்பங்கு அவருடையது. ஆகவே அவர் மட்டும் ஒத்திகை தொடங்கும் முன்பே முதல் மூன்றில் ஒரு பங்கை மனப்பாடம் செய்திருக்கவேண்டும். விங்கில் (மேடையின் ஓர மறைவில்) நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் இங்கே உதவாது. அரங்கைப் பார்த்து நேரடியாகப் பேசுபவர் பக்கவாட்டில் காதைக் கொடுத்தால் உடனே தெரிந்துவிடும். தடுமாறினால் என்ன செய்வது என்பதை ஒத்திகையிலேயே பழக்குங்கள்: சூசி வந்து டிரிப்ஸைச் சரிபார்த்தபடி அடுத்த சொல்லைக் காதோடு சொல்லலாம். நர்ஸ் எப்போது வந்தாலும் இயல்புதானே.

தண்ணீர்: கட்டிலருகே மூடியும் ஸ்ட்ராவும் வைத்த ஆஸ்பத்திரி டம்ளர். ஒரு மணி நாற்பது நிமிடம் தொண்டை தாங்க வேறு வழியில்லை. வாந்திக் காட்சிக்கு அடித்தொண்டையிலிருந்து ஓங்கரிக்க வேண்டாம், அடுத்த நாள் குரல் இருக்காது. வயிறு மட்டும் உள்ளிழுக்கட்டும். பேசினில் ஏற்கெனவே 100 மில்லி கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைத்து, குனியும்போது ஒரு பக்கம் சாய்த்தால் சத்தம் தானே வரும்.

தமிழ் அரங்கில் போடும்போது அடிக்கடி நடப்பது இது: புற்றுநோய் என்று கேட்டதுமே பார்வையாளர் கைக்குட்டையை எடுத்துவிடுவார்கள். முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு சிரிப்பு வந்தாகவேண்டும். சாகக் கிடப்பவரிடம் “இன்னைக்கு எப்படி இருக்கீங்க?” என்று எல்லோரும் கேட்பதை விவியன் பிய்த்து உதறும் தொடக்கம் அதற்குத்தான் இருக்கிறது. வயலின் பின்னணி போட்டீர்களோ, அந்தச் சிரிப்பு போச்சு.

தலை, புருவம், கவுன்

பிரதி கேட்பது: முழு மொட்டை, வெறுங்கால், பேஸ்பால் தொப்பி, மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கவுன். ஒன்றுக்கு முடிச்சு முன்னால், மற்றதற்குப் பின்னால்.

ரப்பர் தொப்பி ஒட்டினால் கடைசியில் பேஸ்பால் தொப்பியைக் கழற்றும்போது நெற்றி ஓரம் காட்டிக்கொடுக்கும், விளக்கில் பளபளக்கும். நடிகை சம்மதித்தால் நிஜ மொட்டைதான் சரி. முழு ஒத்திகைக்கு ஒரு வாரம் முன்பே அடித்துவிடுங்கள். முகத்தைவிட உச்சந்தலை வெளுத்திருக்கும், சில நாளாவது வெளிச்சம் படவேண்டும். பிறகு இரண்டு நாளுக்கொரு முறை டிரிம்மர். பளபளப்புக்கு எண்ணெய்ப்பசை இல்லாத பவுடர்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். மொட்டையடித்த பெண் என்றால் இங்கே முதலில் நினைவுக்கு வருவது திருப்பதியும் பழனியும். வேண்டுதல் மொட்டைக்கும் கீமோ மொட்டைக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் ஒன்றே: புருவம். கோயிலில் புருவத்தைத் தொடமாட்டார்கள். கீமோவில் பெரும்பாலும் அதுவும் உதிரும். புருவத்தை மழிக்கத் தேவையில்லை. குழந்தைகள் பயன்படுத்தும் பசைக் குச்சியை முடியின் போக்கிலேயே தேய்த்து, சீப்பால் அழுத்தி, காயவிட்டு, இப்படி மூன்று அடுக்கு. மேலே பவுடர், பிறகு தோல் நிறத்தைவிட ஒரு சாயல் அடர்ந்த கன்சீலர், மறுபடி பவுடர். காய்வதோடு சேர்த்து அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வியர்வையில் முதலில் விடுவது வெளிமுனை, அங்கே ஒரு அடுக்கு கூடுதல்.

கவுன் முடிச்சுகளில் வெல்க்ரோ வைக்காதீர்கள். கடைசி நிசப்தத்தில் அது கிழிக்கும் சத்தம் பின்வரிசை வரை கேட்கும். ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சு போதும், ஆனால் நாடா பருத்தியாக இருக்கட்டும். சாட்டின் நாடா நடுக்காட்சியிலேயே தானாக அவிழும்.

கட்டிலும் டிரிப்ஸும் குச்சி ஐஸும்

விவியனுக்கு ஊசி கையில் இல்லை, இடது மார்புக்கு மேலே பதித்த குழாயில். மேடை அமைப்பையே இது தீர்மானிக்கிறது. கட்டிலின் தலைமாடு பார்வையாளரின் வலது கைப்பக்கம் இருக்கட்டும். அப்போது விவியனின் இடது பக்கம் அரங்கைப் பார்க்கும், ட்யூப் தெரியும், ஸ்டாண்ட் தலைமாட்டு மூலையில் நிற்கும், முகத்தை மறைக்காது. ஆஷ்ஃபோர்ட் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி அணைத்துக்கொள்ளும்போது பின்பக்கமாக ஏறலாம், ட்யூபிலும் மாட்டமாட்டார். திருப்பிப் போட்டால் 80 வயதுப் பாத்திரத்தின் முதுகைத்தான் அரங்கு பார்க்கும். சக்கர பிரேக்கைப் போட ஒரு ஆளை நியமியுங்கள். இரண்டாவது ஆள் ஏறும்போது கட்டில் நகர்ந்தால் அந்தக் காட்சி முடிந்தது.

ஸ்டாண்டுக்கு ஐந்து சக்கர அடிப்பாகம், மூன்று சக்கரம் கவிழும். சக்கரத்துக்கு எண்ணெய் போடுங்கள். 500 மில்லி சலைன் பை, ஊசியில்லாமல். ட்யூபின் நுனியை அடைத்து, உருளை கிளாம்பை மூடி, கவுனுக்குள் தோலில் மைக்ரோபோர் பிளாஸ்டரால் இரண்டு இடத்தில் ஒட்டுங்கள். முதல் பிளாஸ்டருக்கு முன்னால் ஒரு சின்ன வளையம் விட்டால், யாராவது ஸ்டாண்டை இழுத்தாலும் வளையம்தான் இறுகும், தோல் இழுபடாது. ட்யூபை மடக்கும்போது பம்ப் பீப் அடிக்கவேண்டும். அந்த ஒலியை மெயின் ஸ்பீக்கரில் விடாதீர்கள், கட்டிலுக்கடியில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று, வயரோடு. மடக்கியதும் உடனே அடிக்கக்கூடாது, நான்கு எண்ணி அடிக்கட்டும். தான் செய்யும் சிறுபிள்ளைத்தனம் விவியனுக்கே உறைக்க அந்த நான்கு எண்ணிக்கை.

குச்சி ஐஸ் இரட்டைக் குச்சி வைத்தது. சூசி கொண்டுவருகிறாள், உடைப்பவர் விவியன், பாதியை நீட்டுபவரும் விவியன். பல மேடைகளில் நர்ஸ் உடைத்துக் கொடுத்துவிடுவார். அப்படிச் செய்தால், வாழ்நாளில் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்காதவர் முதல்முறையாகப் பங்கிடும் செய்கை காணாமல்போகும். சூசி சின்ன வயதில் வண்டியில் வாங்கித் தின்றதைச் சொல்கிறாள். நம் ஐஸ் வண்டியும் அதேதான், மாற்றமே வேண்டாம்.

செய்முறை: 200 மில்லி தண்ணீருக்கு 25 கிராம் சர்க்கரை, அரை எலுமிச்சம்பழம். தட்டையான அச்சில் இரண்டு குச்சி, ஒரு இரவு உறையவிட்டு, எடுத்ததும் சூடான கத்தியால் நடுவில் 4 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீறல் போட்டு மறுபடி உறைய வையுங்கள். சர்க்கரை இல்லாவிட்டால் பாறையாகி உடையாது. 40 கிராமுக்கு மேல் போனால் கையோடு நசுங்கும். கீறல் விவியன் பக்கம். ஐஸும் உப்பும் போட்ட பிளாஸ்கில் விங்கில் இருக்கட்டும், ஒரு காட்சிக்கு மூன்று செய்து வையுங்கள். ஆரஞ்சு நிறம் வேண்டாம்: இரவுக் காட்சியின் நீல விளக்கில் ஆரஞ்சு கறுப்பாகத் தெரியும், ஏதோ மருந்து என்று நினைப்பார்கள். எலுமிச்சையின் வெளிர்நிறம் நீலத்தில் பனிக்கட்டியாகவே மின்னும். நாக்கு மரத்துப்போகாமல் இருக்க விவியன் இரண்டு கடி மட்டும். அடுத்து வருவது, இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயலவேண்டாம் என்ற முடிவைப் பற்றிய பேச்சு. அதில் ஒரு சொல்லும் உளறக்கூடாது.

விளக்கு

காட்சிக்குக் காட்சி இருட்டாக்காதீர்கள். மருத்துவமனை என்றால் குளிர்ந்த வெள்ளை, மேலிருந்து, நிழலில்லாமல். வகுப்பறையும் பால்யமும் மஞ்சள் சாய்ந்த வெளிச்சம், பக்கவாட்டில். பன்னிரண்டு விளக்கில் முடிக்கலாம். முக்கியம் மாற்றும் முறை. முதல் பாதியில் ஒவ்வொரு மாற்றமும் விவியனின் ஒரு சைகையில், ஒரு சொல்லில் நடக்கட்டும். வகுப்பை நடத்துவது போல மேடையை அவர் நடத்துகிறார். சூசி வகுப்புக்குள் வந்து அழைக்கும் அந்த இடத்தில், முதல்முறையாக அவர் கேட்காமலே வெளிச்சம் மாறவேண்டும். அதன்பின் ஒரு மாற்றமும் அவர் கையில் இல்லை.

வகுப்புக் காட்சியில் கவிதை திரையில் தெரியும், விவியன் திரைக்கு முன்னால் வரும்போது எழுத்துகள் அவர்மேலேயே விழும். வெளுப்பேறிய கவுன் என்றால் படிக்க முடியும், பூப்போட்டது என்றால் ஒன்றும் தெரியாது. புரொஜெக்டரை உயரத்தில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் நடிகைக்குக் கண்கூசி வசனம் போகும்.

உடம்பைத் தொடும் காட்சிகள்

ஜேசன் இடுப்புப் பரிசோதனை செய்யும் காட்சியில் நடிகைக்கு ஒரு சங்கடமும் இருக்கக்கூடாது. சங்கடம் பாத்திரத்துக்கு மட்டும். மேசையின் கால்பக்கம் பின்திரையைப் பார்க்கட்டும், இடுப்புக்குக் கீழே கனமான விரிப்பு, உள்ளே முழங்கால்வரை டைட்ஸ். எந்தச் சொல்லில் ஜேசனின் கை எங்கே என்பதை எண்ணி நிலைப்படுத்துங்கள், பிறகு அது மாறவே கூடாது. ஒத்திகை அறையில் தேவையானவர்கள் மட்டும், கட்டாயம் இன்னொரு பெண்ணோடு. உடன் ஒரு பெண் இருக்கவேண்டும் என்பதை ஜேசன் மறந்துவிட்டு, விவியனை அப்படியே போட்டுவிட்டுத் தேடி ஓடுவதுதான் காட்சியின் அடி என்பதையும் மறக்கவேண்டாம். அந்தத் தனிமை நீளட்டும்.

முடிவில் ஜேசன், ஆணையை மறந்து அவசரக் குழுவை அழைத்துவிடுகிறான். உயிர்ப்பிக்கக்கூடாது என்று சூசி கத்துகிறாள். நிஜத்தில் மார்பை அழுத்துவது நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, முழங்கை மடங்காமல். மேடையில் தாளம் அதே இருக்கட்டும், ஆனால் முழங்கை மடங்கவேண்டும், எடை முழுக்க மெத்தையில் ஊன்றிய உள்ளங்கை விளிம்பில். உயிருள்ளவர் மார்பில் நிஜமாக அழுத்தினால் விலா எலும்பு முறியும். ஜேசன் கட்டிலுக்குப் பின்னால் நிற்கட்டும், மாஸ்க் பிடிப்பவர் முன்னால் குனிந்து கைகளை மறைக்கட்டும். ஷாக் கொடுக்கும் கருவிக்கு உள்ளே ஒன்றுமில்லாத டப்பா போதும். பழையதென்றாலும் நிஜக் கருவியை இரவல் வாங்கவே கூடாது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தும் காட்சி என்பதால் முதல் ஆறு ஒத்திகை மெதுவாக, எண் சொல்லி.

கடைசி இருட்டு

அந்த அமளிக்கு நடுவே விவியன் கட்டிலிலிருந்து இறங்கி நடக்கிறார். தொப்பி, கைப்பட்டை, கவுன்கள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒளியை நோக்கிக் கை நீட்டும் கணத்தில் விளக்கணைகிறது. பிரதியில் இது முழு நிர்வாணம். நம் ஊர் மேடையில் அது முடியாது. முதல் கடிதத்தில் கேட்கச் சொன்ன மாற்றம் இதுதான். ஒன்று, பின்னாலிருந்து மட்டும் ஒளி விழ, தோல் நிற உடுப்பில் நிழலுருவாக. இன்னொன்று, முதல் கவுன் விழுந்து, இரண்டாவதன் முடிச்சு அவிழும் நொடியில் இருட்டு. இரண்டாவதே நல்லது, நிழலுருவத்தில் உடுப்பின் மடிப்பு தெரிந்தால் யாராவது சிரித்துவிடுவார்கள். 2001ல் வந்த திரைப்படம் வேறு விதமாக முடிகிறது, அதை இங்கே கொண்டுவராதீர்கள். அவர் எழுந்து நடந்தாகவேண்டும்.

இருட்டு மெல்லக் கவியக்கூடாது, வெட்டவேண்டும். ஹாலஜன் விளக்கை அணைத்தாலும் இழை ஒரு கணம் சிவந்து நிற்கும், அதற்குள் கை கீழே இறங்குவது தெரிந்துவிடும். இந்த விளக்கு மாற்றத்துக்கு மட்டும் எல்இடி விளக்கு. ஸ்டாண்டில் பம்ப் திரை, கணினித் திரை, செல்போன் ஏதாவது ஒளிர்ந்தால் அதையும் அதே நொடியில் அணைக்கச் சொல்லி வையுங்கள்.

எட்டு நொடி முழு இருட்டு. விங்கின் ஓரத்தில், அரங்கிலிருந்து தெரியாத பக்கத்தில், இருட்டில் ஒளிரும் டேப் ஒரு துண்டு. அங்கே அங்கியை விரித்துப் பிடித்தபடி சூசியாக நடித்தவரே நிற்கட்டும். நடிகை வெறுங்காலோடு வருவார், அதற்குள் தரையில் விழுந்த ஊசியுறை, பிளாஸ்டர், ஐஸ் குச்சி எல்லாம் பெருக்கப்பட்டிருக்கவேண்டும். அவசரக் குழுவில் ஒருவருக்கு இதையே வேலையாகக் கொடுங்கள்.